தனிக் கோயில் கட்டிக்கொண்டால் என்ன?

தெற்குவாசல் | 4 மே 2025

மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலைப் போன மாதம் திறந்துவிட்டார்கள். விழுப்புரம் மாவட்டம். 2023 ஏப்ரல் திருவிழாவில் உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்கு சீல். பிறகு உயர்நீதிமன்றம் சொல்லி ஒருகால பூசைக்கு மட்டும் பூசாரி போய்வந்தார். இப்போதுதான் மக்களுக்குத் திறப்பு, அதுவும் போலீஸ் காவலோடு. ஒரு கும்பிடு போட இரண்டு வருஷம்.

நான் கேட்பது இதுதான். கோயில் நுழைவுச் சட்டம் 1947லேயே வந்தாச்சு. கலெக்டரும் எஸ்பியும் முன்னால் நடக்க, பின்னால் ஜனங்கள் போக, ஒருநாள் படம் எடுத்து, மறுநாள் பழைய நிலைமை. தலித் மக்கள் தங்கள் தெருவிலேயே தனிக் கோயில் கட்டிக்கொண்டால் அடியும் இல்லை, வழக்கும் இல்லை. அந்தக் கோயிலுக்குள்தான் போவோம் என்று ஏன் நிற்கவேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டைக்குக் கேட்கவில்லை.

கரிசல்மண் | 4 மே, இரவு

தனிக் கோயில் ஏற்கெனவே இருக்கிறது தோழர். காலனி என்று சொல்லப்படுகிற தெருக்களில் ஒரு காளியோ மாரியோ மதுரைவீரனோ இல்லாத தெரு அபூர்வம். அங்கே கும்பிட யாரும் தடை சொல்வதில்லை. கும்பிட ஒரு சாமி கிடைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை என்று எடுத்துக்கொண்டால் எதுவுமே விளங்காது.

ஊர்ப் பொதுக்கோயில், ஊர்க் கணக்கு நடக்கிற இடம். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோயில் பொங்கலுக்கு ஒரு மாதம் முன்பே ஊர்க்கூட்டம் போடுவார்கள். நோட்டை எடுப்பார்கள். போன வருஷ இருப்பு எவ்வளவு, பந்தல், ஒலிபெருக்கி, கரகாட்டம், கிடா, அன்னதானம் என்று இந்த வருஷச் செலவு எவ்வளவு வரும் என்று மதிப்புப் போட்டு, அதைத் தலைக்கட்டு (வரி கட்டும் குடும்பம்) எண்ணிக்கையால் வகுப்பார்கள். 300 தலைக்கட்டு, 6 லட்சம் செலவு என்றால் தலைக்கு 2,000. இதுதான் ஊர் வரி. கட்டினவர் பெயர் நோட்டில் ஏறும்.

பெயர் ஏறினால் என்னவெல்லாம் கிடைக்கும் என்பதைப் பாருங்கள். கூட்டத்தில் உட்கார்ந்து பேசலாம், வரவு செலவு கேட்கலாம். கிடாக்கறியில் பங்கு வரும். முறை வைத்து மண்டகப்படி, அதாவது சாமிக்கு உபயம் செய்யும் உரிமை, வரும். ஊர்ப் பணத்தை வட்டிக்கு வாங்கலாம். ஊர்ப் பாத்திரம், பந்தல் சாமான், சமுதாயக் கூடம் எல்லாம் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிடைக்கும். கண்மாய் மீன்பாசி (மீன்பிடி உரிமை), புளியமரம், கரையிலுள்ள கருவேல மரம் ஆகியவற்றின் ஏலத்தில் கை தூக்கலாம். சட்டப்படி மீன்பாசிக் குத்தகை துறைக்கோ ஊராட்சிக்கோ சொந்தம். பல ஊர்களில் அது ஒருவர் பெயரில் அரசுக்குக் கட்டப்பட்டு, உள்ளே ஊர்க்காரர்களுக்குள் மறு ஏலம் விடப்படுகிறது. அந்த இரண்டாவது ஏலத்தின் வருமானம் கோயில் கணக்கில் சேரும். கண்மாய் எல்லோருக்கும் பொது. ஏலம் வரிகாரர்களுக்கு மட்டும்.

தனிக் கோயிலுக்குப் போய்விடு என்றால் இது அத்தனையையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்று பொருள். அடிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பக்தி குறைவாக உள்ள ஊரிலும் இந்தச் சண்டை குறைவதில்லை.

கரிசல்மண் | 5 மே

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்கவேண்டும். விலக்கு என்றால் முழுக்க வெளியே நிறுத்துவது என்று நினைத்துவிடக் கூடாது. திருவிழாச் சாட்டுதல், அதாவது ஊருக்கு அறிவிப்பது, பறையடித்துத்தான் தொடங்கும். தீப்பந்தம் பிடிப்பது, பூக்குழிக்கு விறகு போடுவது, கிடா தூக்குவது, எல்லை காட்டுவது ஆகிய வேலைகளுக்குத் தலித் குடும்பங்களை முறை வைத்துக் கூப்பிடுவார்கள். அந்த வேலைக்குச் சுதந்திரம் (ஊழியத்துக்கான பங்கு) என்ற பெயரில் நெல்லும் ஒரு துண்டும் கொடுப்பார்கள்.

ஆக, வேலைக்காரராக உள்ளே இழுப்பதும், வரிகாரராக வெளியே தள்ளுவதும் ஒரே சமயத்தில் நடக்கிறது. 'நாங்களும் வரி கொடுக்கிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்' என்று பணத்தோடு போய் நிற்கும்போதுதான் தகராறு வருகிறது. பணம் கேட்டு அடித்த ஊர்களைப் பார்த்திருப்பீர்கள். பணம் கொடுக்கப் போனதற்காக அடி விழுவதை இங்குதான் பார்க்கலாம். பறையடிக்க மாட்டோம் என்று ஒரு ஊரில் முடிவெடுத்தால் அடுத்த வாரமே வயல் வேலைக்குக் கூப்பிடுவதும் கடையில் சாமான் கொடுப்பதும் நின்றுபோவது இதன் மறுபக்கம்.

சிவகங்கை மாவட்டம் கண்டதேவி சொர்ணமூர்த்தீசுவரர் தேர் இதற்கு நல்ல சான்று. உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலை என்று நான்கு நாடுகள், நான்கு வடம். வடத்தைத் தொடும் உரிமை அந்த நாடுகளின் தலைவர்களான நாட்டார் வசம். 1990களின் இறுதியில் தலித் மக்கள் நாங்களும் இழுப்போம் என்றார்கள். நீதிமன்றம் உரிமை உண்டு என்றது. அப்புறம் நடந்தது என்ன? சில வருஷம் தேரே ஓடவில்லை. சில வருஷம் அதிகாரிகள் பொறுக்கியெடுத்த சிலரை வடத்தின் நடுவே நிறுத்தி, நிலைக்கு வந்ததும் கூட்டிப் போய்விட்டார்கள். பிறகு தேர் பழுது, குடமுழுக்கு என்று நீண்ட இடைவெளி. 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. கோயில் அறநிலையத் துறையின் கீழ். சட்டம் முழுக்க ஒரு பக்கம். அப்படியும் இத்தனை காலம்.

சட்டத்திண்ணை | 6 மே

சட்டம் பற்றிய பகுதியைச் சரியாக வைத்துக்கொள்வோம், இழையில் எல்லோரும் 1947 என்று மட்டும் எழுதுகிறீர்கள்.

1947 சட்டத்தின் 3ஆம் பிரிவு நுழைவை மட்டும் பேசவில்லை. மற்ற இந்துக்கள் எந்த முறையில், எந்த அளவுக்கு வழிபடுகிறார்களோ அதே முறையில், அதே அளவுக்கு வழிபடலாம் என்கிறது. மனுவில் 'உள்ளே விட மறுக்கிறார்கள்' என்று மட்டும் எழுதினால், வாசல்வரை விட்டுவிட்டு 'விட்டோமே' என்பார்கள். 'அதே முறை, அதே அளவு' என்ற சொற்களை மனுவில் அப்படியே போடுங்கள்.

இரண்டாவது, 'இது எங்கள் சாதிக் கோயில், பொதுக்கோயில் இல்லை' என்ற பதில். 1949 திருத்தம் இதற்காகவே வந்தது. இந்துக்களில் ஏதேனும் ஒரு பிரிவினருக்கான கோயிலும் இந்தச் சட்டத்துக்குள் வரும். தென்கன்னடத்தில் மூல்கி வெங்கடரமணர் கோயில் கௌட சாரஸ்வத பிராமணர்களுடையது. அவர்கள் உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 1957 தீர்ப்பில், அரசியல் சட்டத்தின் 26ஆம் பிரிவு தரும் மதப்பிரிவு உரிமையும் 25(2)(ஆ) தரும் நுழைவு உரிமையும் மோதினால் நுழைவு உரிமையே மேல் என்று முடிவானது. ஆனால் அதே தீர்ப்பு, சில சடங்கு வேளைகளை மட்டும் அந்தப் பிரிவினர் தமக்கென்று வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சந்தும் விட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தச் சந்துக்குள்தான் நுழைவார். இவ்வாண்டு பிப்ரவரியில் சென்னை உயர்நீதிமன்றம், சாதி என்பது மதப்பிரிவு ஆகாது என்று சொல்லியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுக்கோயில் என்று காட்ட என்ன வேண்டும்? கோயில் நிலத்தின் அ-பதிவேட்டு (வருவாய்த் துறை நிலப் பதிவேடு) நகல். நத்தம், புறம்போக்கு, கோயில் பெயர், தனிநபர் என்று எது இருந்தாலும் எடுங்கள். அறநிலையத் துறைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்ற தகவல். உண்டியல் இருந்தால் படம். வெளியூர் நன்கொடைக்கு அடித்த நோட்டீஸ், ரசீது. ஊராட்சி போட்ட சாலை, விளக்கு, குடிநீர்க் குழாய் விவரம். திருவிழாவுக்குக் காவல் நிலையத்தில் கொடுத்த அனுமதி மனு. அந்த மனுவில் 'ஊர்ப் பொதுமக்கள் சார்பாக' என்று அவர்களே எழுதியிருப்பார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் அந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

வைகைக்கரை | 6 மே, இரவு

தலைக்கட்டு என்று நாலு இடத்தில் எழுதிவிட்டீர்கள், யார் தலைக்கட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கல்யாணமாகாத ஆணுக்கு இன்னும் வரி இல்லை, பேச்சும் இல்லை. மனைவியை இழந்தவர் முழுத் தலைக்கட்டாகவே இருப்பார். கணவனை இழந்த பெண் பல ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே இல்லை. கேட்டால் கருணை என்பார்கள். அரை வரி கட்டினவளுக்கு அரைப் பேச்சுகூடக் கிடையாது. கூட்டத்தில் உட்கார இடமில்லை, மண்டகப்படி முறை மகனுக்குக் கல்யாணமாகும்வரை நிற்கும். கணவனை விட்டுப் பிரிந்தவள் நோட்டில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

இன்னொரு பக்கம் வேலைக் கணக்கு. முளைப்பாரி முழுக்கப் பெண்கள் கையில். ஓட்டுச் சில்லிலோ மண்பானை அடியிலோ வைக்கோல் பரப்பி, செம்மண்ணும் காய்ந்த ஆட்டுப்புழுக்கைப் பொடியும் போட்டு, ஊறவைத்த தட்டைப்பயறு, மொச்சை, பாசிப்பயறு, சோளம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைக்கவேண்டும். வெயில் பட்டால் பயிர் குட்டையாகிப் பச்சையாகிவிடும். இருட்டில்தான் வெளிர்மஞ்சளாக நெட்டையாக வரும். தண்ணீர் அதிகமானால் வேர் அழுகி நாறும், குறைந்தால் ஒரே நாளில் தலை சாயும். எட்டு பத்து நாள் இரவும் பகலும் பார்த்துக்கொண்டு, கும்மி கொட்டி, ஊர்வலம் போய்க் கரைப்பது வரை பெண்கள் பொறுப்பு. பயிர் நன்றாக வந்தால் ஊருக்கு நல்லது, வாடினால் முளை போட்டவளுக்குச் சுத்தமில்லை என்று பேச்சு. அந்த அறைக்குள் மாதவிலக்கான பெண் போகக்கூடாது. பல ஊர்களில் கைம்பெண் முளைப்பாரி தூக்கக்கூடாது.

இத்தனைக்கும் செலவுக் கணக்கு வாசிக்கும்போது பெண்கள் கோயில் வாசலுக்கு வெளியே.

பறைக்காரருக்கு நடப்பதாகக் கரிசல்மண் அண்ணன் எழுதியதுதான் இங்கேயும் நடக்கிறது. உழைப்பு உள்ளே, பெயர் வெளியே.

தெற்குவாசல் | 7 மே

அக்கா, இரண்டையும் ஒன்றாக வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. மேல்பாதியில் தலித்துகளை விடக்கூடாது என்று முன்வரிசையில் நின்று கத்தினவர்களில் பெண்கள் நிறையப் பேர். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியானதும், ஆட்சியர் தலித் மக்களை அய்யனார் கோயிலுக்குள் கூட்டிப்போனார். அப்போது சாமியாடிய ஒரு பெண் சாதி சொல்லி இழிவாகப் பேசியதாக வழக்கே பதிவானது. அரை வரிக்காரி என்று நீங்கள் பரிதாபப்படுகிறவர்தான் அங்கே அடுத்தவரைத் தள்ளுகிறார்.

வைகைக்கரை | 7 மே, இரவு

ஒன்று என்று நான் சொல்லவில்லை. அரை வரிக்காரிக்கு ஊர்க் குழாயில் தண்ணீர் உண்டு, தெருவில் செருப்போடு நடக்கலாம், அவள் வீட்டை யாரும் கொளுத்தப் போவதில்லை. அந்த வித்தியாசத்தை மறைத்தால் அது அயோக்கியத்தனம். இரண்டு விலக்கும் ஒரே நோட்டில் எழுதப்படுகின்றன என்பது என் வாதம்.

1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அம்பேத்கர் வாசித்த கட்டுரையை எடுத்துப் பாருங்கள். சாதியின் அடிப்படை அகமணம், அதாவது சாதிக்குள்ளேயே மணப்பது, என்கிறார். அகமணம் நிற்கவேண்டுமானால் குழுவுக்குள் மணமாகும் வயதில் ஆணும் பெண்ணும் சம எண்ணிக்கையில் இருக்கவேண்டும். கணவன் இறந்தால் ஒரு பெண் மிச்சம், மனைவி இறந்தால் ஒரு ஆண் மிச்சம். மிச்சமான பெண் வெளியே மணந்தால் எல்லை உடையும், உள்ளே மணந்தால் இன்னொரு பெண்ணுக்கு வரவேண்டிய ஆணை எடுத்துக்கொள்கிறாள். அதற்குக் கண்ட வழி உடன்கட்டை அல்லது கட்டாயக் கைம்மை. மிச்சமான ஆணுக்குச் சிறுமியைக் கட்டி வைப்பது. பெண்ணைக் கட்டுப்படுத்தாமல் சாதி நிற்காது என்று இருபத்தைந்து வயதில் எழுதிவிட்டார்.

இப்போது வரி நோட்டுக்கு வாருங்கள். சாதிக்குள் கல்யாணம் ஆனதும் பெயர் ஏறுகிறது. கணவன் செத்ததும் பாதியாகிறது. வேறு சாதியில் கட்டினால் பெயர் அடிக்கப்படுகிறது. 'வரி வாங்க மாட்டோம்' என்பதுதான் கலப்புமணத் தம்பதிக்கு ஊர் கொடுக்கும் முதல் தண்டனை. அப்பன் ஆத்தாள் வரியும் சேர்ந்து நிற்கும், மகளைத் தலைமுழுகினோம் என்று கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு அபராதம் கட்டும்வரை. அகமணம் எங்கே பதிவாகிறது என்று கேட்டால் நான் அந்த நோட்டைக் காட்டுவேன்.

முன்வரிசையில் நிற்கும் பெண்ணைப் பற்றி: அவளுக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே மதிப்பு அந்தச் சாதியின் மனைவி, தாய் என்பதுதான். எல்லை கரைந்தால் தனக்கு மிச்சம் எதுவும் இல்லை என்று அவள் கணக்குப் போடுகிறாள். சாமியாடும்போது மட்டும்தான் அவள் குரலை ஆண்கள் கைகட்டிக் கேட்கிறார்கள். அந்தக் குரலில் சாதி வருவது எனக்கு வலிக்கிறது, வியப்பாக இல்லை. குற்றம் குற்றம்தான், வழக்கு நடக்கட்டும்.

சட்டத்திண்ணை | 8 மே

பெண்கள் பற்றி ஒரு நுணுக்கம். 1947 சட்டம் 'எந்தச் சாதியாக, எந்தப் பிரிவாக இருந்தாலும்' என்கிறது. பால் பற்றிப் பேசவில்லை. அதனால் கைம்பெண்ணைத் தடுத்தால் அந்தச் சட்டத்தில் நேர்வழி கிடைக்காது. கேரளத்தின் 1965 கோயில் நுழைவுச் சட்டம், 'எந்தப் பிரிவோ வகுப்போ' என்று அகலமாக எழுதப்பட்டது. 2018 செப்டம்பர் 28 சபரிமலைத் தீர்ப்பில் 10 முதல் 50 வயதுப் பெண்களைத் தடுத்த 3(ஆ) விதி அந்தத் தாய்ச்சட்டத்துக்கே முரண் என்று விழுந்தது. நாலுக்கு ஒன்று என்ற அந்தத் தீர்ப்பில், மாதவிலக்கை வைத்து விலக்குவதும் 17ஆம் பிரிவு சொல்லும் தீண்டாமைதான் என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். எல்லா நீதிபதிகளும் அதை ஏற்கவில்லை. 2019 நவம்பரில் விஷயம் பெரிய அமர்வுக்குப் போய்விட்டது.

நம் பக்கம் 2023 ஆகஸ்டில் ஒரு உத்தரவு. ஈரோடு மாவட்டம் நம்பியூர் வட்டத்தில் பூசாரியாக இருந்தவரின் மனைவி, கணவர் இறந்தபின் ஆடித் திருவிழாவுக்கு வரக்கூடாது என்று தடுக்கப்பட்டார். சட்டத்தின் ஆட்சி உள்ள நாட்டில் இதற்கு இடமில்லை என்று சொல்லி, போலீஸ் பாதுகாப்போடு போக வழி செய்தது உயர்நீதிமன்றம். மனு போடுகிறவர்கள் அதை இணைக்கலாம்.

கரிசல்மண் | 9 மே

தனிக் கோயில் கேள்விக்குத் திரும்புகிறேன். அந்த வழியில் போய் ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது.

1897ல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் போனார்கள். சேதுபதி வழக்குப் போட்டார். 1908ல் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் நாடார்கள் தோற்றார்கள். நடுவில் 1899ல் நாடார்களைத் தாக்கிய சிவகாசிக் கொள்ளை. சட்டம் கைவிட்டது, ஆனாலும் அவர்கள் எழுந்தார்கள். எப்படி? உறவின்முறை என்ற சாதிச் சங்கம் வைத்துக்கொண்டார்கள், சரக்கும் வண்டியும் தங்கப் பேட்டை வைத்துக்கொண்டார்கள், சரக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை வசூலித்தார்கள். அந்தப் பணத்தில் கோயிலும் கட்டினார்கள், பள்ளிக்கூடமும் கட்டினார்கள். அதாவது தங்களுக்கென்று ஒரு வரி நோட்டு போட்டார்கள். அந்த நோட்டில் ஏற வியாபாரம் இருந்தது, சந்தை இருந்தது, மாட்டுவண்டிப் பாதை இருந்தது.

கூலி வேலைக்குக் காலையில் பக்கத்துத் தெருக்காரர் வந்து கூப்பிடவேண்டிய நிலையில் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவர் தனிக் கோயில் கட்டலாம், தனிக் கண்மாய் வெட்ட முடியாது.

பழைய தென்திருவிதாங்கூரில் நடந்தது இன்னும் கூர்மை. மார்பை மறைக்கத் தோள்சீலை கேட்டுப் பெண்கள் தெருவில் அடிபட்ட நாடு. 1859 ஜூலை அரசாணையில்தான் சாணார் (நாடார்) பெண்கள் மார்பை மறைக்கலாம் என்று வந்தது, அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் மாதிரி கூடாது என்ற நிபந்தனையோடு. அதே மண்ணில் சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் பதி என்ற வழிபாட்டிடம் அமைத்தபோது கருவறையில் சிலைக்குப் பதில் கண்ணாடி. ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே வரவேண்டும், மேல்சாதியார் முன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டி நிற்கும் பழக்கத்தை அங்கேயே உடைத்தார். தனிக் கோயில் என்றால் இப்படி இருக்கவேண்டும், பழைய மாதிரியை மறுக்கிற கோயிலாக. ஒதுக்கப்பட்ட தெருவில் அதே பூசாரி முறையோடு சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டால் ஒதுக்கியவருக்குத்தான் நிம்மதி.

மறைக்கல் | 9 மே

மதம் மாறினால் சரியாகிவிடும் என்று யாரும் இங்கே எழுதுவதற்கு முன் நான் எழுதிவிடுகிறேன். வடக்கன்குளம் தேவாலயத்தில் இரண்டு சாதிக் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி இறக்கை கட்டி நடுவே சுவர் வைத்தார்கள். 1910ல்தான் அந்தச் சுவர் இடிந்தது, அதற்கும் வழக்கு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு (தனித் தேவாலய நிர்வாகம்) கேட்டதில் மோதல், துப்பாக்கிச் சூடு, இரண்டு பேர் செத்தார்கள். தேர்ப்பவனி எந்தத் தெருவழியே போகும், சவவண்டி எந்த வழியே போகும், கல்லறையில் எந்த மூலை என்பதெல்லாம் இன்றும் பேச்சுவார்த்தைக்கு வருகிற விஷயங்கள். கூடுதலாக ஒரு இடி, 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி மாறினவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் இல்லை. 1956ல் சீக்கியருக்கும் 1990ல் பௌத்தருக்கும் தளர்த்தினார்கள், கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இல்லை. சான்றிதழ் இல்லாவிட்டால் வன்கொடுமைச் சட்டமும் பொருந்தாது. தேர்ப்பவனியில் அடிபட்டவர் சாதாரணப் பிரிவுகளில்தான் புகார் கொடுக்கமுடியும்.

தெற்குவாசல் | 10 மே

வைக்கத்தில் 1924லேயே கோயிலுக்குள் போய்விட்டார்கள், பெரியார் போராட்டத்தால். கேரளத்தில் முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை?

கரிசல்மண் | 10 மே

வைக்கத்தில் கேட்டது கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் நடக்கும் உரிமை. 1925ல் கிடைத்ததும் முழுசாக இல்லை, கிழக்குத் தெரு நீங்கலாக மற்றவை திறந்தன. திருவிதாங்கூரில் கோயிலுக்குள் நுழைவு 1936 நவம்பர் 12 பிரகடனத்தில் வந்தது. மதுரை மீனாட்சி 1939 ஜூலை 8, வைத்தியநாத ஐயர் தலைமையில். உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர்.

இந்தத் தேதிகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். பெரிய கோயில்கள் முதலில் திறந்தன. மீனாட்சி கோயிலில் யார் எந்த ஊர், எந்தச் சாதி என்று வாசலில் நிற்பவருக்குத் தெரியாது. ஆயிரம் பேரில் ஒருவராகப் போய்வரலாம். நோட்டும் அங்கே இல்லை. கிராமத்து முத்தாலம்மன் கோயிலில் ஒவ்வொரு முகமும் தெரியும். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989ல் கட்டிய சுவரின் ஒரு பகுதி 2008 மே 6ல் இடிக்கப்பட்டது. அங்குள்ள கோயிலுக்குள் தலித் மக்கள் போனது 2011 நவம்பரில். சுவர் போனபிறகும் மூன்றரை வருஷம், சில அடி தூரத்துக்கு.

எல்லாச் சாதியினரும் அர்ச்சகராகும் விவகாரத்திலும் இதேதான். 1970 டிசம்பரில் பரம்பரை உரிமையை ஒழிக்கத் திருத்தம், 1972ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது, ஆனால் ஆகமம் என்ற கோயில் பூசை விதிகளின்படி நியமிக்கவேண்டும் என்றது. 2006ல் அரசாணை, ஆறு பயிற்சிப் பள்ளிகள், படித்து முடித்தவர்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தது, 2021 ஆகஸ்ட் 14ல் நியமனம். 2023ல் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்தார்கள். அத்தனையும் முக்கியம், நான் அதற்காகக் கைதட்டுகிறவன். ஆனால் அரசாணை அறநிலையத் துறைப் பெரிய கோயில்களோடு நின்றுவிடும். ஊர் அம்மன் கோயிலுக்கு ஆகமமும் இல்லை, அரசாணையும் இல்லை.

வைகைக்கரை | 10 மே, இரவு

ஊர்க் கோயில் பக்கமும் ஒன்று உண்டு அண்ணே. உசிலம்பட்டி வட்டாரத்தில் துர்க்கை அம்மன் கோயிலில் தந்தைக்குப் பிறகு பூசை செய்துவந்த மகளை, பெண் பூசாரி கூடாது என்று தடுத்தார்கள். உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, தடுக்கும் சட்டமோ ஆகமமோ எதுவுமில்லை என்று அந்தப் பெண் பக்கம் தீர்ப்பளித்தது. நீங்கள் சொன்ன 'ஆகமம் இல்லை' என்பது அங்கே அவளுக்கு உதவியது.

சட்டத்திண்ணை | 12 மே

முதல் மரியாதை பற்றித் தனிச்செய்தியில் கேட்டவருக்காகப் பொதுவில் எழுதுகிறேன். பரிவட்டம், காளாஞ்சி, முதல் தீர்த்தம் இவற்றுக்கு வெறுமனே உரிமை கேட்டு உரிமையியல் வழக்குப் போடமுடியாது. ஆழ்வார்திருநகரி ஜீயர் வழக்கில் 1961ல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவிட்டது. ஒரு பதவி இருந்து, அதோடு ஒட்டிய மரியாதை என்றால்தான் வழக்கு நிற்கும். அறநிலையத் துறைக் கோயில் என்றால் 1959 சட்டம் 63(உ) பிரிவின்படி இணை ஆணையரிடம் போகவேண்டும். நாட்டாமை பதவி அல்ல. 'பரம்பரையாக எங்கள் குடும்பத்துக்கு' என்று பேச்சுவார்த்தையில் சொன்னால் இணை ஆணையர் உத்தரவு எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

அதே சட்டம் 47ஆம் பிரிவில், அறங்காவலர் குழுவில் ஒருவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடி, ஒருவர் பெண் என்று இருக்கிறது. பட்டியல் சாதிப் பெண் ஒருவரையே போட்டு இரண்டு இடத்தையும் முடிக்கப் பார்ப்பார்கள். 'ஒருவர், மற்றொருவர்' என்ற சொற்களைக் காட்டுங்கள்.

சட்டத்திண்ணை | 12 மே, இரவு

அமைதிப் பேச்சுவார்த்தை பற்றி. காப்புக் கட்டியபின் மனு கொடுத்தால் 'திருவிழா முடியட்டும்' என்பார்கள். சாட்டுதலுக்கு முன்பே கொடுங்கள். ஆட்சியர், கோட்டாட்சியர், வட்டாட்சியர், காவல் கண்காணிப்பாளர் நால்வருக்கும், ஒப்புகைச் சீட்டோடு.

வட்டாட்சியர் முன் எழுதும் கூட்ட முடிவில் மூன்று சொற்றொடர்களைப் பார்த்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 'வழக்கப்படி', 'இரு தரப்பும் ஒத்துக்கொண்டபடி', 'இந்த ஆண்டு மட்டும்'. முதலாவது பழைய விலக்கையே எழுத்தில் உறுதி செய்துவிடும். இரண்டாவது சட்ட உரிமையைப் பேரமாக்கும். மூன்றாவது அடுத்த வருஷம் உங்களுக்கு எதிராகவே காட்டப்படும்.

கோட்டாட்சியர் பழைய 145ஆம் பிரிவை, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையில் 164ஆம் பிரிவை, எடுத்தால் உஷாராகுங்கள். அது நிலம், கட்டடம் யார் வசம் என்ற தகராறுக்கானது. அதன்கீழ் உள்ளே விடாதவரும் உள்ளே விடப்படாதவரும் சமமான இரண்டு தரப்பாகிவிடுவார்கள். பூட்டு விழும். பூட்டு என்பது விடமறுத்தவர்களுக்குப் பாதி வெற்றி. தகராறு உடைமை பற்றியதே இல்லை, 1947 சட்டத்தின் 3ஆம் பிரிவை அமல்படுத்தவே கேட்கிறோம் என்று எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்.

தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)ன் கடைசி உட்பிரிவுகள். 2016 ஜனவரி முதல் அமலில் உள்ள திருத்தத்தில் வழிபாட்டிடம், மத ஊர்வலம் இரண்டும் பெயர் சொல்லியே வருகின்றன. கடை, கூலி மறுப்பு வந்தால் சமூகப் புறக்கணிப்பும் அதே இடத்தில் குற்றம். 18அ பிரிவின்படி முதல் தகவல் அறிக்கைக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை. விசாரிப்பவர் டிஎஸ்பி நிலையில் இருக்கவேண்டும், எஸ்ஐ வாக்குமூலம் எழுதிக் கேட்டால் ஆட்சேபியுங்கள்.

தேர் எங்கள் தெருவுக்கு வராது, தெரு குறுகல் என்றால் டேப் எடுத்துத் தெருவையும் தேர்ச்சக்கர அகலத்தையும் அளந்து எழுதுங்கள். உண்மையிலேயே குறுகல் என்றால் சப்பரம் கேளுங்கள். மின்கம்பி காரணம் என்றால் மற்ற தெருக்களில் எப்படிக் கழற்றி மாட்டுகிறார்கள் என்று மின்வாரியத்திடம் தகவல் கேளுங்கள்.

தெற்குவாசல் | 13 மே

தனிக் கோயில் யோசனையை நான் இனிச் சொல்லமாட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். எங்கள் பக்கத்து ஊரில் கொஞ்சம் நல்ல பையன்கள் இருக்கிறார்கள், ஆதிக்க சாதியிலேயே. வைகாசிக் கூட்டத்தில் ஏதாவது செய்யலாம் என்கிறார்கள். எதில் தொடங்குவது?

வைகைக்கரை | 13 மே, இரவு

நோட்டின் முதல் பத்தியில். 'தலைக்கட்டு' என்பதை எடுத்துவிட்டு, 'இவ்வூரில் குடியிருக்கும் 18 வயது நிரம்பிய ஆண், பெண் ஒவ்வொருவரும் ஒரு பங்கு' என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். இவ்வூர் என்றால் எந்தெந்தத் தெரு என்று பெயர் சொல்லி எழுதவேண்டும், காலனியின் பெயரோடு. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் 'ஊர் வேறு, காலனி வேறு' என்று வரும்.

உடனே செலவு ஆட்சேபம் வரும், வீட்டுக்கு நாலு வரியா என்பார்கள். பங்கைக் குறையுங்கள். 6 லட்சத்தை 300 தலைக்கட்டுக்குப் பதில் 1,200 பேருக்கு வகுத்தால் ஆளுக்கு 500. 18 வயதான நாலு பேர் உள்ள வீட்டுக்கு அதே 2,000தான். கணவனை இழந்த பெண்ணும் 18 வயதான ஒரு மகளும் உள்ள வீட்டுக்கு 1,000, இரண்டு முழுக் குரலோடு. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போகச் சொல்லுங்கள், கூட்டத்தில் வாயால் சொன்னால் கத்தலில் போய்விடும்.

முதல் வருஷம் தோற்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோற்றாலும் யார் யார் எழுந்து பேசினார்கள் என்று தெரிந்துவிடும்.

கரிசல்மண் | 14 மே

மீன்பாசி உள் ஏலத்தையும் அதே கூட்டத்தில் கேட்கச் சொல்லுங்கள். கோயில் பேச்சுக்கு வாய் திறக்காத ஆட்கள் ஏலப் பேச்சு வந்ததும் எழுந்துவிடுவார்கள், யார் எதைக் காக்கிறார்கள் என்று பையன்களுக்கே புரியும். எல்லா வரிக்கும் எண் போட்ட ரசீது வேண்டும். கார்பன் வைத்த புத்தகம் கடையில் கிடைக்கும், கணக்குப்பிள்ளை கையெழுத்து கட்டாயம். ரசீது தர மறுத்தால் பணத்தை அஞ்சல் மணியார்டரில் கோயில் கமிட்டித் தலைவர் பெயருக்கு அனுப்பலாம். வாங்க மறுத்துத் திரும்பி வந்தால் 'ஏற்க மறுப்பு' என்ற குறிப்போடு வரும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள், சட்டத்திண்ணைக்கு அது வேண்டியிருக்கும்.